பாய் விரித்திருக்கும்போது மோட்டாரைப் போடலாமா?

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா காலத்து வத்தை (நாட்டுப் படகு), 24 அடி, மேலே பைபர் பூசியது. பாயும் பருமலும் (பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டை) இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. மாசி, பங்குனியில் விடியற்காலை புறப்பட்டால் எட்டு மணிக்கெல்லாம் காற்று விழுந்துவிடுகிறது. பெட்ரோல் அவுட்போர்டின் சத்தமும் பிடிக்கவில்லை, செலவும் பிடிக்கவில்லை. சின்னதாக ஒரு மின்சார மோட்டார் மாட்டினால் என்ன என்று யோசிக்கிறார். பாயையும் விரித்து மோட்டாரையும் ஓட்டினால் நிஜமாகவே லாபமா, அல்லது ஒன்று இன்னொன்றைக் கெடுக்குமா? எவ்வளவு பெரிய மோட்டார், எத்தனை பேட்டரி? பாயில் ஓடும்போது தண்ணீரில் சுழலும் புரொப்பெல்லரே பேட்டரியைத் திரும்ப ஏற்றிவிடும் என்று வீடியோவில் சொல்கிறார்களே, நம்பலாமா?

கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: இந்த வேலைக்கு, இந்தக் காற்றுக்கு, நம்ப வேண்டாம். காரணம் பின்னால் வரும். முதல் கேள்விதான் ருசியான கேள்வி, அங்கிருந்து தொடங்குவோம்.

பாம்பன் ரோட்டுப் பாலத்தில் பைக் ஓட்டியிருப்பீர்கள். ராமேஸ்வரம் பார்த்துப் போகையில் வாடைக்காற்று இடது பக்கத்திலிருந்து அடிக்கும். வண்டியை நிறுத்தினால் காற்று நேர் இடப்பக்கம். ஓட்ட ஆரம்பித்தால் அதே காற்று கொஞ்சம் முன்னால் நகர்ந்து, இடது கன்னத்தில் சாய்வாக அடிப்பதுபோல் இருக்கும். வேகம் கூடக்கூட முகத்துக்கு நேராக வந்துவிடும், பலமும் கூடும். காற்று மாறவில்லை, நீங்கள் ஓடியதால் உங்களுக்கு வேறு ஒரு காற்று கிடைத்திருக்கிறது. பாய்க்குத் தெரிவது இந்த இரண்டாவது காற்றுதான். படிப்பில் இதைத் தோற்றக் காற்று என்பார்கள். நான் ஓட்டக்காற்று என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

இப்போது உங்கள் வத்தைக்கு வருவோம். கொண்டல் (கிழக்குக் காற்று) நாலு நாட் வேகத்தில் வீசுகிறது என்று வையுங்கள் (மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், ஒரு நாட்). நீங்கள் தேவிபட்டினத்திலிருந்து வடக்கே திருப்பாலைக்குடி பக்கம் போகிறீர்கள். காற்று நேர் விலாவில். பாயில் மட்டும் போனால் 1.8 நாட் வரும் என்று வைத்துக்கொண்டால், பாய்க்குக் கிடைக்கும் ஓட்டக்காற்று 4.4 நாட், வரும் திசை அணியத்திலிருந்து (படகின் முன்முனை) 66 டிகிரி. அதில் மோட்டாரைக் கொஞ்சம் தொட்டு வேகத்தை 2.8 ஆக்கினால் ஓட்டக்காற்று 4.9 நாட் ஆகிறது, திசை 55 டிகிரிக்கு நகர்கிறது. பாயின் மேல் விழும் அழுத்தம் காற்று வேகத்தின் வர்க்கத்தில் போகும். ஆகவே அழுத்தம் கிட்டத்தட்ட கால்பங்கு கூடிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கால்பங்கு அழுத்தம் கூடியதால் கால்பங்கு இழுவையும் கூடிவிட்டதாக நினைக்கக் கூடாது. காற்று முன்னால் நகர்ந்ததால் அந்த அழுத்தத்தில் பெரும்பங்கு படகைப் பக்கவாட்டில் தள்ளத்தான் போகும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் முன்னோக்கிய இழுவை முன்பு இருந்ததைவிடத் துளி அதிகம், அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், வெறும் மோட்டாரில் போகிற படகோடு ஒப்பிட்டால் அந்த இழுவை மொத்தமும் இலவசம். மோட்டார் போட்டும் பாய் தன் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான் கணக்கின் சாரம்.

இன்னொரு லாபம் கணக்கில் வராது, கண்ணுக்குத்தான் தெரியும். இளங்காற்றில் பாயைக் கெடுப்பது காற்றுக் குறைவைவிட அலைதான். இரவு அடித்த காற்றின் மிச்ச அலை காலையில் படகை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பருமல் அசையும், பாய் ‘பட் பட்’ என்று அடித்துக்கொள்ளும், சேர்த்து வைத்த கொஞ்ச நஞ்சக் காற்றும் உதறிப்போகும். மோட்டார் தருகிற சீரான ஓட்டம் பாய்க்குச் சீரான காற்றைத் தருகிறது. பாய் அடங்கி நிற்கும்.

இதை நான் முதலில் பார்த்தது மண்டபம் வடக்குக் கடற்கரையில் ஒரு பங்குனிக் காலை. நானும் ஒரு வயசான சம்மாட்டியும் (படகுக்காரர்) இருந்தோம். பாய்மரத்தைத் தாங்கும் கயிற்றில் பழைய ஆடியோ கேசட்டிலிருந்து உருவிய நாடா ஒரு சாண் நீளத்துக்குக் கட்டியிருந்தேன். எட்டரை மணி இருக்கும், கரைக்காற்று அநேகமாக விழுந்து விலாவில் லேசான மிச்சம் மட்டும் இருந்தது, கடற்காற்று இன்னும் வரவில்லை. நாடா செத்த பாம்பு மாதிரி தொங்கியது. மோட்டாரின் வாட் மீட்டரில் 140 வரும்வரை கைப்பிடியை மெல்லத் திருப்பினேன். அரை நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் நாடாவின் நுனி மட்டும் தூக்கியது. பிறகு நாடா முழுக்க எழுந்து, பின்பக்கமாகச் சாய்ந்து நின்றது. பாயின் வயிறு மெதுவாக உப்பியது. அணியத்தில் தண்ணீர் சலசலக்கும் சத்தம் வந்தபோது சம்மாட்டி, “இப்பத்தான் பாயி மூச்சு விடுது” என்றார். நான் பேராசையில் கைப்பிடியை இன்னும் திருப்பி 600 வாட்டுக்குக் கொண்டுபோனேன். படகு வேகமாகத்தான் போனது, ஆனால் நாடா நேராக என் முகத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டது. பாயின் முன்விளிம்பு படபடத்தது, இரண்டு நிமிடத்தில் பாய் சும்மா தொங்கும் துணியாகிவிட்டது. சம்மாட்டி ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்த 140க்கும் 600க்கும் நடுவில்தான் இந்த வித்தை முழுக்க இருக்கிறது. நம்ம ஊர் முக்கோணப் பாய் காற்றுக்கு ரொம்பக் கிட்டே போகாது. ஓட்டக்காற்று 45 டிகிரிக்கு உள்ளே வந்தால் திணறும். நாலு நாட் காற்று விலாவில் இருக்கையில் நீங்களும் மோட்டாரில் நாலு நாட் ஓடினால் ஓட்டக்காற்று சரியாக 45 டிகிரியில் வந்து நிற்கும். அதற்கு மேல் திருப்பும் ஒவ்வொரு வாட்டும் பாயைக் கொல்லும். நான் பின்பற்றுகிற அளவு இது: காற்று எத்தனை நாட்டோ, படகின் வேகம் அதில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது. மீட்டர் இல்லாவிட்டாலும் நாடா இருந்தால் போதும்.

பின்காற்றில் கதையே வேறு. நாலு நாட் காற்று பின்னாலிருந்து வருகிறது, நீங்கள் மோட்டாரில் மூன்று நாட் ஓடுகிறீர்கள் என்றால் பாய்க்கு மிஞ்சுவது ஒரே ஒரு நாட். அதை வைத்து ஒரு கைக்குட்டையைக்கூட உலர்த்த முடியாது. பின்காற்றில் மோட்டாரும் பாயும் ஒன்றையொன்று கெடுக்கும் என்ற உங்கள் பயம் சரியானதுதான். அந்த நேரத்தில் ஒன்று மோட்டாரை நிறுத்திவிட்டுப் பொறுமையாகப் பாயில் போங்கள், அல்லது பாயைச் சுருட்டிவிட்டு மோட்டாரில் போங்கள். மூன்றாவது வழியும் உண்டு: நேராகப் போகாமல் ஒரு முப்பது நாற்பது டிகிரி விலகி, காற்றைக் கொஞ்சம் விலாப்பக்கம் எடுத்துக்கொண்டு, பாதி வழியில் பாயை மாற்றித் திரும்புவது. தூரம் கூடும், ஆனாலும் பாய்க்கு வேலை கிடைக்கும்.

முகக்காற்றில் மோட்டார் எந்த அளவுக்கு உதவும் என்று கேட்டால், பாய் மாற்றும் அந்த அரை நிமிடத்துக்கு உயிர் காக்கும். பருமலை மரத்துக்கு முன்னால் சுற்றி மறுபக்கம் கொண்டுபோவதற்குள் படகு நின்றுபோகும், நீவாடு (கடல் நீரோட்டம்) இழுக்கும், மறுபடி வேகம் பிடிக்கக் கால் மணி நேரம் ஆகும். பத்து வினாடி மோட்டார் போட்டால் அந்த நஷ்டமே இல்லை. பெட்ரோல் இன்ஜினில் இப்படிச் செய்ய மாட்டோம், கயிறு இழுத்துக் கிளப்புவதற்குள் வேலை முடிந்திருக்கும். மின்சார மோட்டாரின் பெரிய வசதியே இதுதான். பூஜ்யத்திலிருந்து ஒவ்வொரு வாட்டாக ஏற்றலாம், நினைத்த நொடியில் நிறுத்தலாம். அவுட்போர்டு குறைந்த வேகத்திலேயே ஒரு நாட் இரண்டு நாட் தள்ளிவிடும், அதற்குக் கீழே பிளக்கில் கரி பிடிக்கும். இளங்காற்றில் நமக்கு வேண்டியதோ அந்தக் கீழ்ப்பகுதிதான்.

சரி, மோட்டார் அளவு. படகைத் தள்ளத் தேவையான சக்தி ஏறக்குறைய வேகத்தின் கனத்தில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். உங்கள் வத்தைக்கு ஆள், வலை எல்லாம் சேர்த்து ஒரு டன் என்று வைத்து நான் போடும் உத்தேசக் கணக்கு: அலையில்லாத தண்ணீரில் 2 நாட்டுக்கு 100 வாட் பேட்டரியிலிருந்து எடுக்கும். அப்படியானால் 3 நாட்டுக்கு 340, 4 நாட்டுக்கு 800, 5 நாட்டுக்கு 1,560. ஒவ்வொரு நாட்டும் முந்தையதைவிட எவ்வளவு விலை கேட்கிறது பாருங்கள். இந்த நீளப் படகுக்கு ஆறு நாட்டுக்குக் கொஞ்சம் மேலே இயற்கையான வரம்பு ஒன்றும் இருக்கிறது. தண்ணீரில் படும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் வருவது. அதன் பக்கத்தில் போனால் கனக் கணக்கும் தோற்றுவிடும், படகு தானே எழுப்பும் அலையை ஏறவே முடியாமல் திணறும்.

இப்போது பாயோடு சேர்த்துப் பாருங்கள். நாலு நாட் கொண்டலில் பாய் மட்டும் 1.8 நாட். 150 வாட் மோட்டார் மட்டும் 2.3 நாட். இரண்டும் சேர்ந்தால் என் கணக்கில் 2.8 பக்கம் வரும். 1.8ஐயும் 2.3ஐயும் கூட்டி நாலு வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் அதே 2.8 நாட்டை மோட்டார் மட்டும் தர வேண்டுமானால் 275 வாட் வேண்டும். பாய் கிட்டத்தட்டப் பாதிச் செலவை ஏற்றுக்கொள்கிறது.

12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 1,280 வாட் மணி இருக்கும். அதில் ஆயிரத்தைத்தான் எண்ணிக்கொள்ளுங்கள், மிச்சத்தைத் தொட வேண்டாம். பாயோடு சேர்த்து 150 வாட்டில் ஓட்டினால் ஆறரை மணி நேரத்துக்கு மேல் வரும், தூரம் 18 கடல் மைல். அதே பேட்டரியைப் பாய் இல்லாமல் 600 வாட்டில் ஓட்டினால் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும், தூரம் வெறும் 6 கடல் மைல். தேவிபட்டினத்திலிருந்து திருப்பாலைக்குடிக்குக் கடல்வழி ஏறக்குறைய நாலு கடல் மைல். முதல் முறையில் போய், வலை பார்த்து, திரும்பி, மிச்சமும் வைக்கலாம். இரண்டாவது முறையில் திரும்பும் வழியில் துடுப்பு வலிக்க வேண்டும்.

எனவே உங்களுக்குப் பெரிய மோட்டார் வேண்டாம். மீன்பிடிக்கத் தூண்டில் போடுகிறவர்கள் ஏரியில் பயன்படுத்தும் டிரோலிங் மோட்டாரில் 55 பவுண்டு தள்ளுவிசை உள்ளது முழு வேகத்தில் 12 வோல்ட்டில் சுமார் 50 ஆம்பியர், அதாவது 600 வாட் எடுக்கும். உங்கள் வேலைக்கு அது போதும். ஆனால் ஒன்று, பெரும்பாலானவை நன்னீருக்குச் செய்தவை. உப்புத் தண்ணீருக்கென்று தனியாக வருவதைத்தான் வாங்க வேண்டும். கையில் காசு இருந்தால் ஈபுரொபல்ஷன் ஸ்பிரிட் 1.0 பிளஸ், டார்கீடோ டிராவல் 1103 மாதிரியான ஒரு கிலோவாட் மோட்டார்கள் இருக்கின்றன. பேட்டரியும் அதிலேயே கழற்றி மாட்டும்படி வரும். ஸ்பிரிட்டில் 1,276 வாட் மணி, டார்கீடோவில் 915. விலை லட்சத்தைத் தாண்டும். மூன்று குதிரைசக்தி பெட்ரோல் இன்ஜினுக்குச் சமம் என்று விளம்பரத்தில் இருக்கும். தள்ளுவிசையில் கொஞ்சம் உண்மை உண்டு, பெரிய புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றுவதால். வேகத்தில் அந்தச் சமம் வராது. அதைப் படித்துவிட்டுப் பழைய அவுட்போர்டை விற்றுவிடாதீர்கள்.

ஈ-ரிக்சா பேட்டரி நாலு மலிவாகக் கிடைக்கிறது, அதைப் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஈய அமில பேட்டரி 100 ஆம்பியர் மணி என்றால் ஒவ்வொன்றும் முப்பது கிலோ பக்கம் வரும், அதில் பாதியைத்தான் கெடாமல் எடுக்கலாம். லித்தியம் பன்னிரண்டு கிலோவில் முடிந்துவிடும். இளங்காற்றில் எடைதான் எதிரி. கரையில் சும்மா கிடக்கிற நங்கூரத்தையே இறக்கிவைத்துவிட்டுப் போகலாமா என்று பார்க்கிற நேரத்தில் நூற்றிருபது கிலோ ஈயத்தை ஏற்றுவதில் அர்த்தமில்லை.

எங்கே மாட்டுவது என்பது படகைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம், பார்க்காமல் கொஞ்சம் சொல்கிறேன். அமரம் (படகின் பின்முனை) தட்டையாக இருந்தால் கவலை இல்லை. கூராக இருந்தால் பக்கவாட்டில் ஒரு மரச்சட்டம் கட்டித்தான் மாட்ட வேண்டும். பக்கத்தில் மாட்டினால் படகு மறுபக்கம் இழுக்கும். மோட்டாரை ஒரு சின்னக் கோணத்தில் இறுக்கிவைத்துவிட்டுச் சுக்கானில் ஓட்டுங்கள், இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு அல்லாட வேண்டாம். மோட்டாரின் தண்டு நீளமானதாக வாங்குங்கள், அலையில் அமரம் தூக்கும்போது புரொப்பெல்லர் காற்றைக் கடைந்தால் பேட்டரி வீண். அதே சமயம் தூக்கிக் கட்டும் வசதியும் வேண்டும், நம்ம பாக் விரிகுடாப் பக்கம் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைத் தாண்டி வெகுதூரம் போனாலும் முழங்கால் தண்ணீர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தூக்கிக் கட்டுவதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. மோட்டாரை நிறுத்திவிட்டுத் தண்ணீரில் விட்டுவைத்தால் அந்தப் புரொப்பெல்லர் சின்ன நங்கூரம் மாதிரி. நல்ல காற்றில் தெரியாது, இளங்காற்றில் நாலில் ஒரு பங்கு வேகம் போனாலும் ஆச்சரியமில்லை. தூக்க சோம்பலாக இருந்தால் முப்பது நாற்பது வாட்டில் சுழலவிடுங்கள். தள்ளவும் தள்ளாது, தடுக்கவும் தடுக்காது. நான் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன், காற்று திடீரென்று விழுந்தால் கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பினால் போதும் என்பதால்.

நம்ம கடலுக்கென்று இருக்கும் தொல்லை கடற்புல். பாக் விரிகுடாவின் அடியெல்லாம் புல்வெளிதான். காற்றடித்த மறுநாள் அறுந்த புல் பாய் விரித்த மாதிரி மிதக்கும். மெதுவாகச் சுற்றும் பெரிய புரொப்பெல்லர் அதை வெட்டாது, நூல் கண்டு மாதிரி சுற்றிக்கொள்ளும். தெரிந்துகொள்ளும் வழி வாட் மீட்டர்: கைப்பிடியைத் தொடாமலே 150 இருந்த இடத்தில் 220 காட்டினால் புல் மாட்டியிருக்கிறது. நிறுத்தி, நாலு வினாடி பின்னோக்கிச் சுழற்றினால் பெரும்பாலும் விட்டுவிடும். அதற்கு மேல் இருப்பவை கயிறுகள். முனைக்காட்டுப் பக்கம் பாசி வளர்க்கும் பன்னிரண்டடிச் சதுர மூங்கில் தெப்பங்கள் வரிசையாகக் கிடக்கும், அவற்றின் நங்கூரக் கயிறு தண்ணீருக்கு ஒரு முழம் கீழே ஓடும். ஒரு தடவை நான் மாட்டிக்கொண்டேன். கயிறு இறுகி மோட்டார் நின்றுபோக, என் அவசரத்தில் ஒன்றுக்கு இரண்டு தடவை மறுபடி முறுக்கினேன். தண்டுக்குள் இருக்கும் சின்ன ஊசி ஒடிந்துவிட்டது. ஒடிய வேண்டும் என்றே வைத்த ஊசிதான், ஒடிந்ததால் மோட்டார் பிழைத்தது. மாற்று ஊசி வீட்டில் இருந்தது. தெப்பத்துக்காரம்மா தன் கயிறு அறுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் எனக்குக் கத்தி கொடுத்தார், அதுவும் நியாயம்தான். அன்றிலிருந்து ஊசி இரண்டும் ஸ்பேனரும் படகிலேயே ஒரு டப்பாவில் இருக்கின்றன. நண்டு வலையின் தெர்மாகோல் மிதப்பைப் பார்த்தால் ஐம்பதடி முன்பே மோட்டாரை நிறுத்திவிடுங்கள், பாய் மட்டும் அதைத் தாண்டட்டும்.

ஒயர் வேலையை மட்டும் கஞ்சத்தனம் இல்லாமல் செய்யுங்கள். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று அலட்சியமாக இருப்பார்கள். ஷாக் அடிக்காது, தீப்பிடிக்கும். 50 ஆம்பியர் ஓடும் ஒயரில் ஒரு முனை தளர்ந்தால் அந்த இடம் அடுப்பு. என் முதல் மோட்டாருக்கு ஒரு கடையில் வீட்டு ஒயரையே போட்டுக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் செம்பு பச்சைப் பொடியாகிவிட்டது, ஒரு நாள் பிளாஸ்டிக் கருகிய வாசனை வந்தபோதுதான் பார்த்தேன். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், தடிமனானது, நீளம் குறைவாக. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ். முனைகளில் கிரீஸ். பேட்டரிப் பெட்டி படகின் அடித்தண்ணீரில் நனையாத உயரத்தில். பங்குனி வெயிலில் மூடிய பெட்டிக்குள் சூடு தாங்காது, மேலே ஒரு பனையோலைப் பாயைப் போட்டுவையுங்கள், பலகையைவிட அது நன்றாக வேலை செய்கிறது. மோட்டார் தண்டில் திருகியிருக்கும் துத்தநாகத் துண்டு அரித்துக் கரைவதற்காகவே இருப்பது, பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். கரை வந்ததும் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ராமநாதபுரத்துக்காரனிடம் நல்ல தண்ணீரைக் கேட்கிறேன், தெரிந்துதான் கேட்கிறேன்.

இப்போது அந்த வீடியோ விஷயம். ஓடும் படகில் புரொப்பெல்லரைச் சுழலவிட்டு மின்சாரம் எடுக்க முடியும், பொய்யில்லை. ஆறு ஏழு நாட்டில் ஓடும் பெரிய பாய்க்கப்பலில் நூற்றுக்கணக்கான வாட்கூடக் கிடைக்கும். ஆனால் அங்கேயும் வேகத்தின் கனம்தான் ஆட்சி செய்கிறது. வேகம் பாதியானால் கிடைப்பது எட்டில் ஒரு பங்கு, அதிலும் மோட்டாரின் சொந்த நஷ்டம் போக மிஞ்சுவது ஒன்றுமில்லை. உங்களுக்கு மோட்டார் தேவைப்படும் காற்றில் ஏற்ற முடியாது. ஏற்ற முடிகிற கச்சான் காற்றில் (மேற்கிலிருந்து வரும் பலத்த காற்று), ஆடி மாதத்தில், பாயைச் சமாளிப்பதா பேட்டரியைப் பார்ப்பதா என்று இருக்கும். சூரியத் தகடு அதைவிட நல்லது. கமுதியில் 648 மெகாவாட்டுக்குத் தகடு விரித்திருக்கிறார்கள், வெயிலுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. 100 வாட் தகடு ஒன்று நல்ல வெயில் நாளில் 400 வாட் மணி சுமார் தரும், பாயோடு ஓட்டினால் இரண்டரை மணி நேர ஓட்டம். ஆனால் தகட்டைப் படகில் வைக்காதீர்கள். பாயின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே பெரும்பகுதி போய்விடலாம், உப்புப் படிந்தால் மீதியும் போகும், இளங்காற்றில் ஆட்கள் உட்காரும் இடமும் போச்சு. வீட்டு மாடியில் வையுங்கள், பேட்டரியைக் கொண்டுபோய் மாட்டுங்கள்.

சட்டம் ஒன்று பெரும்பாலோருக்குத் தெரியாது. 1972ஆம் ஆண்டு உடன்படிக்கையில் வந்த கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, பாய் விரித்திருந்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் பாய்ப்படகு இல்லை, இயந்திரப் படகு. பாய்ப்படகுக்குக் கிடைக்கும் வழி உரிமை உங்களுக்குக் கிடையாது, மற்றொரு பாய்ப்படகுக்கு நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். பகலில் முன்பக்கம் முனை கீழே இருக்கும்படி ஒரு கூம்பும், இரவில் இயந்திரப் படகின் விளக்குகளும் காட்ட வேண்டும். நம்ம கடலில் யாரும் கூம்பைப் பார்த்ததில்லை என்பது வேறு. 30 வாட்டில் சும்மா சுழல்வதும் கணக்கில் வருமா என்றால், வரும். சத்தமே இல்லாத மோட்டார் என்பதால் எதிரே வருகிறவருக்கு நீங்கள் எந்த வகை என்று தெரியாது, ஆகவே நீங்களே முந்தி ஒதுங்கிவிடுங்கள். இழுவைமடி விசைப்படகு வந்தால் விதியெல்லாம் பேச வேண்டாம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் மட்டும் அந்தக் கவலை குறைவு. முதல் ஒத்திகைக்கு அதுவே நல்ல நேரம். தொண்டிப் பக்கத்துத் திருவிழாப் போட்டிகளுக்கு இந்த மோட்டாரோடு போய்விடாதீர்கள், அங்கே படகுக்கு வெளியே நீட்டிய பலகையில் ஏறி நிற்கும் ஆட்கள்தான் மோட்டார்.

நீவாடு பற்றி ஒரு வார்த்தை, நீங்கள் தேவிபட்டினம் என்றாலும் இதைப் படிக்கும் பாம்பன்காரர்களுக்காக. வாடைக் காலத்தில் பாம்பன் கால்வாயில் தண்ணீர் வடக்கிலிருந்து தெற்கே மன்னார் வளைகுடாவுக்கு ஓடும், கச்சான் காலத்தில் திரும்பும். அது முறுக்கி ஓடும் நாளில் 600 வாட் மோட்டார் படகை இருந்த இடத்தில் நிறுத்திவைத்தால் பெரிய விஷயம். பாலத்துக்கடியில் இந்த மோட்டாரை மட்டும் நம்பி நுழையாதீர்கள். ராமேஸ்வரத்திலிருந்து கிழக்கே போகிறவர்களுக்கு எல்லைக்கோடு கிட்டே இருக்கிறது. காற்றும் இல்லை, பேட்டரியும் இல்லை, நீவாடு மட்டும் இருக்கிறது என்ற நிலை அங்கே வேடிக்கையில்லை. தெற்கே தீவுகளின் பக்கம் சத்தமில்லாமல் போகலாம் என்று யாராவது நினைத்தால், 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது, மோட்டார் எதுவானாலும். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டு எண்ணும் போனில் இருக்கட்டும். பேட்டரியில் பாதி தீர்ந்ததும் திரும்புங்கள். பெட்ரோல் அவுட்போர்டும் துடுப்பும் படகிலேயே இருக்கட்டும்.

முதல் தடவை போகும்போது வலையை ஏற்ற வேண்டாம். இரண்டு பேர் போதும். ஒருவர் தாமானை (பாயை இழுத்துத் தளர்த்தும் கயிறு) பிடித்து, பாயை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தளர்த்தி, நாடாவை மட்டும் பார்க்கட்டும். இன்னொருவர் சுக்கானும் மோட்டாரும். இரண்டு பேரும் காற்று போகும் பக்கமாக ஒதுங்கி உட்காருங்கள், படகு அந்தப் பக்கம் துளி சாய்ந்தால் பாய் தன் எடையிலேயே வயிறு பிடித்து நிற்கும், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். மோட்டாரை 50 வாட்டில் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஐம்பது ஐம்பதாக ஏற்றி, போன் ஜிபிஎஸ்ஸில் வரும் வேகத்தை ஒரு சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் ஐம்பது வாட் கூட்டியும் வேகம் அரைக்கால் நாட்கூட ஏறவில்லையோ, அல்லது பாயின் முன்விளிம்பு படபடக்கிறதோ, அதற்கு முந்திய எண்தான் உங்கள் படகுக்கு அந்தக் காற்றில் சரியான எண். என் கணக்கில் 150 என்றேன், உங்களுக்கு 120ஆகவோ 200ஆகவோ இருக்கலாம், படகின் அடியில் எவ்வளவு பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கேசட் நாடா இப்போது யார் வீட்டிலும் இல்லை என்றால் உல்லன் நூல் ஒரு சாண் போதும், கறுப்பாக இருந்தால் வெயிலில் நன்றாகத் தெரியும்.